தொட்டியை யார் திறப்பது

சாய்ந்துகொண்டிருக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்ய யாருக்கு உரிமை உண்டு என்று நான் யோசிக்க நேர்ந்தது சிதம்பரத்தில், அண்ணாமலை நகருக்குப் போகிற வழியில் இருந்த ஒரு மாணவர் லாட்ஜின் பின்பக்கத்தில். அறுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு கம்பி, சிமென்ட் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட நன்றாகவே கணக்குப் போடுகிறீர்கள். கையெழுத்துப் போடுகிற காகிதத்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

எங்கள் கம்பெனி கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் பெரிய வேலை என்றால் படம் போடுகிறவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர். சுவர் வெடித்தால் கட்டினவர் "படத்துல அப்படித்தான் இருந்துது" என்பார். படம் போட்டவர் "நான் போட்டபடி கட்டல" என்பார். உரிமையாளர் இரண்டு பேருக்கும் நடுவில் அலைவார். எங்கள் முதலாளி தனியார் வேலைகளில் இரண்டையும் தானே எடுத்துக்கொண்டார். "பிளானும் எங்களுது, வேலையும் எங்களுது. நீங்க சாவிய வாங்கிக்கிட்டா போதும்" என்பார். இப்போது நீங்கள் டிசைன்-பில்ட் என்று சொல்வது இதைத்தான். உரிமையாளருக்கு இதில் நிம்மதி, ஒரே ஆளைக் கேட்டால் போதும். நமக்கு இருக்கும் ஆபத்தும் அதேதான். கை காட்ட வேறு ஆள் கிடையாது.

முதலாளிக்கு இது தெரியாமல் இல்லை. அதனால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் நழுவிப் போக ஓரிரண்டு வரிகள் வைத்திருப்பார். லாட்ஜ் ஒப்பந்தத்தில் இருந்த வரி: "மெஸ் கழிவுநீர் ஏற்பாடு உரிமையாளரைச் சேர்ந்தது." கையெழுத்தாகும்போது நானும் அதைப் படித்தேன். கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

லாட்ஜின் உரிமையாளர் பரங்கிப்பேட்டைக்காரர். மலேயாவில் கடை வைத்திருந்து திரும்பியவர். எல்லோரும் அவரை மரைக்காயர் என்றே கூப்பிடுவோம். லாட்ஜைப் பார்த்துக்கொண்டது ஜாபர். மரைக்காயரின் அக்கா மகன், மருமகனும் அவரே. என் வயதுதான் இருக்கும். வேலை நடந்த நாட்களில் நானும் அவரும் தினமும் பேசிக்கொண்டோம், தினமும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம். சிமென்டைக் குறைக்கிறோமோ என்று அவருக்கு. எதையாவது காசில்லாமல் செய்து வாங்கிவிடப் பார்க்கிறாரோ என்று எனக்கு. வேலை முடிகிற சமயத்தில் என்னை மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு நெல் மில் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி வாரம் லாட்ஜில் மேஸ்திரி மட்டும்தான் இருந்தார்.

ஒப்படைத்து ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் போகவில்லை, மரைக்காயரிடமிருந்து தந்தி வந்தது. தொட்டி நிரம்பும்போது தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய்க்கு வராமல் மெஸ் பக்கத்து விளிம்பில் வழிகிறதாம். தண்ணீர் தன் மட்டத்தை விடாது. தொட்டிதான் சாய்ந்திருக்கிறது.

முதலாளி வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"போயி பாத்துட்டு வா. எதையும் தொடாத. எதுலயும் கையெழுத்துப் போடாத. நம்ம தப்புங்கற மாதிரி ஒரு வார்த்தை பேசாத. நாம கைய வெச்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

சிதம்பரத்தில் இறங்கி லாட்ஜுக்குப் போனபோது ஜாபர் வாசலிலேயே நின்றிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நாலு தூண்களின்மேல் தொட்டி. அதன் நிழலிலேயே மெஸ் கொட்டகை. கண்ணுக்கே சாய்வு தெரிந்தது. மெஸ் பக்கத்துத் தூணின் மேலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டு காட்டிய இடத்தில் தரையில் கரியால் கோடு போட்டேன். முன்கட்டுக்கு வந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் குண்டு கோட்டைத் தாண்டி நின்றது.

பழைய சாய்வாக இருந்தால் பேசிக்கொண்டிருக்கலாம். இது இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

"மோட்டார நிறுத்துங்க பாய். தொட்டிய உடனே காலி பண்ணணும்" என்றேன்.

மோட்டாரை நிறுத்தினார். அதற்குமேல் அசையவில்லை.

"காலி பண்ணுங்க. உங்க டேங்க்தானே."

"ஒப்படைச்சாச்சு. இப்ப உங்க டேங்க்."

"எங்க வக்கீல் சொல்லியிருக்காரு, நாங்க கைய வெச்சா நீங்கதான் கெடுத்தீங்கன்னு உங்க ஆளுங்க தப்பிச்சிடுவாங்கன்னு."

"எங்க வக்கீலும் அதையேதான் சொன்னாரு, வேற விதமா."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. இரண்டு வக்கீல்களும் தங்கள் கட்சிக்காரரைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். இரண்டு பேருமே அந்தத் தொட்டியைப் பார்க்கவில்லை. எத்தனையோ வேலைகளுக்குப் பிறகு எனக்குப் புரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேதம் பெருகாமல் தடுப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. தடுக்க முடிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால்தான், பெருகின சேதமும் நம் கணக்கில் ஏறும். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. முதலாளிக்கு ட்ரங்க் கால் போட்டால் "தொடாதே" என்பார் என்பது மட்டும் தெரியும். அதனால் போடவில்லை.

மெஸ்ஸில் மணி அடித்தார்கள். பையன்கள் தட்டோடு வர ஆரம்பித்தார்கள். முதல் ஆள் கொட்டகைக்குள் நுழைவதைப் பார்த்ததும் ஜாபர் வேகமாகப் போய், தொட்டியைக் கழுவிவிடுகிற வால்வில் கையை வைத்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"அதத் தொறக்காதீங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"இப்ப தெரிஞ்சிபோச்சு சார். தடுக்கச் சொல்லித்தான் உங்க மொதலாளி உங்கள அனுப்பிருக்காரு."

"அந்தக் குழா எங்க போயி விழுதுன்னு பாருங்க."

கழுவுகிற குழாய் இறங்கி வந்து, சாய்ந்துகொண்டிருந்த அதே தூணின் அடியில்தான் முடிந்தது. திறந்தால் தொட்டித் தண்ணீர் மொத்தமும் அந்த இடத்திலேயே கொட்டும். சிதம்பரத்துக் களிமண் காய்ந்தால் கல், ஊறினால் கூழ். இதைச் சொன்னேன். ஜாபர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். உண்மையான காரணம் சாக்குப் போலவே கேட்கிற சமயம் நம் தொழிலில் அடிக்கடி வரும். அப்போது வாயை மூடிக்கொண்டு கண்ணுக்குக் காட்டிவிட வேண்டும். கையிலிருந்த குடையைத் தூணின் அடியில் ஊன்றி அழுத்தினேன். பாதிக் குடை உள்ளே போயிற்று.

ஜாபர் குனிந்து பார்த்தார். பிறகு கொட்டகையைப் பார்த்து, "டேய், எல்லாரும் முன் வராந்தாவுக்குப் போங்க. சாப்பாடு அங்கதான்" என்று குரல் கொடுத்தார்.

"எப்படிக் காலி பண்றது?" என்று என்னைக் கேட்டார்.

"குளியலறைக் குழாயெல்லாம் தொறந்து விடலாம். அந்தத் தண்ணி முன்பக்கம் தெருச் சாக்கடைக்குத்தானே போவுது?"

"ஆமா. ஆனா அதுக்கு முந்தி ஒரு காயிதம் எழுதணும்."

அந்த நேரத்திலும் காகிதம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். தூண் சாய்ந்துகொண்டிருக்கிறது, நாங்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கட்டினோம். "கான்ட்ராக்டர் கட்டிய தொட்டி" என்று எழுத வேண்டும் என்றார். "உரிமையாளரின் தொட்டி" என்று எழுதினால்தான் கையெழுத்து என்றேன். கடைசியில் "லாட்ஜின் பின்புறமுள்ள தொட்டி" என்று எழுதினோம். இரு தரப்பும் சேர்ந்து காலி செய்கிறோம், காரணம் யார் என்பதைப் பற்றி இதில் எதுவும் சொல்லவில்லை, இதனால் யாருடைய உரிமையும் போகாது. அவ்வளவுதான். முதலாளி போடாதே என்று சொன்ன கையெழுத்தைப் போட்டேன்.

பிறகு மாடி மாடியாக ஓடினோம். பையன்கள் காரணம் கேட்காமலே சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் லாட்ஜின் எல்லாக் குழாயும் ஒரே சமயத்தில் கொட்டிய இரைச்சல் தெரு வரைக்கும் கேட்டது. சாக்கடை நிரம்பி ரோட்டுக்கு வந்தது. எதிர் டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டார்.

அந்த நேரம் பார்த்து மரைக்காயர் பரங்கிப்பேட்டையிலிருந்து வாடகை டாக்சியில் வந்து இறங்கினார். தன் லாட்ஜிலிருந்து தண்ணீர் ஆறாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"யாரு உத்தரவு?"

ஜாபர் காகிதத்தைக் கொடுத்தார். மரைக்காயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இதுல நம்ம பேரு ஏன் முதல்ல இருக்கு?"

"சும்மா எழுதினது மாமா."

"காயிதத்துல சும்மான்னு ஒண்ணு கெடயாது" என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் தொட்டி காலியானது. தூக்குக்குண்டு கோட்டைத் தாண்டிய இடத்திலேயே நின்றுவிட்டது. மறுநாள் சவுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்துவிட்டு, தூணின் அடியைத் தோண்ட ஆரம்பித்தோம். தோண்டும்போது இரண்டு தரப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அஸ்திவாரத்தின் ஆழத்தைக் குறைத்துவிட்டோம் என்று ஜாபர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தனியாகத் தோண்டி "ஆழம் சரி" என்றால் யார் நம்புவார்கள்?

ஆழம் படத்தில் இருந்தபடியே இருந்தது. ஆனால் அஸ்திவாரத்தை ஒட்டிச் செங்கல் வைத்துக் கட்டிய ஒரு குழி வெளிப்பட்டது. மெஸ்ஸின் கழிவுநீர் அதில் விழுந்து, மண்ணில் ஊறி, தூணின் அடியைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் படத்தில் அங்கே குழி கிடையாது.

"இது எப்ப தோண்டினது பாய்?"

"எனக்கென்ன தெரியும்" என்று ஜாபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. கட்டடத்தை வாங்கிக்கொண்ட பிறகு யாரையும் கேட்காமல் தோண்டியிருக்கிறார்கள், இப்போது மறைக்கிறார்கள். கடலூர் திரும்பியதும் முதலாளியிடம் அப்படியே சொன்னேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டதற்காகத் திட்ட ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியை விரலால் காட்டினார்.

வெளியே வந்தால் மேஸ்திரி நின்றிருந்தார். லாட்ஜில் என்ன கோளாறு என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தக் குழியா சார்? அது நம்ம ஆளுங்க கட்னதாச்சே" என்றார் சாதாரணமாக. "கடைசி வாரம் ஜாபர் பாய் கேட்டாரு. சமையக்காரரு தண்ணிய எங்க ஊத்தறதுன்னு கத்திக்கினு இருந்தாரு. நமக்கும் ரெண்டு ஆளு சும்மா இருந்தாங்க, செங்கல்லும் மீந்துபோயி கெடந்துது. பாவம்னு செஞ்சி குடுத்தேன். காசு கூட வாங்கல."

காசு வாங்காததால் அது ஒப்பந்தத்தில் சேராது என்று அவர் நினைத்தார். உரிமையாளரின் ஆள் வாயால் கேட்டு, நம் ஆள் நம் செங்கல்லில் செய்து கொடுத்தால், அது தயவு இல்லை, வேலை. எந்த இடத்தில் வைப்பது என்று பார்க்கவேண்டியது படம் போட்டவன் பொறுப்பு. திரும்ப உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஜாபருக்கு."

"அவன் சொல்லமாட்டான். மாமனாரக் கேக்காம செஞ்சிருப்பான், சொன்னா அவரு தோல உரிச்சிடுவாரு." ஒப்பந்தத்தை மடித்துக்கொண்டே, "பொய் சொல்லுன்னு நான் உன்னச் சொல்லல. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது என்ஜினியர் வேலையில்ல. அவ்வளவுதான்" என்றார்.

தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம் போவது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஓய்வுபெற்ற என்ஜினியர் ஒருவர், திருப்பாதிரிப்புலியூரில் இருந்தவர். அவர் வீட்டு முன்னறையில் ஒரு காலை வேளையில் கூடினோம். ஒரு பக்கம் முதலாளியும் நானும். எதிரே மரைக்காயரும் ஜாபரும்.

முதலாளி நன்றாகப் பேசினார். அஸ்திவாரம் படத்தில் இருந்தபடி இருப்பதை இரு தரப்பும் பார்த்தாயிற்று. கேடு வந்தது குழியால். கழிவுநீர் உரிமையாளர் பொறுப்பு என்று கையெழுத்தான வரி இருக்கிறது. "குழியத் தோண்டினவங்கதான் பொறுப்பு ஏத்துக்கணும்" என்று முடித்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள்.

மத்தியஸ்தர் ஜாபரைப் பார்த்தார். "குழியத் தோண்டினது யாரு?"

ஜாபர் எழுந்து நின்றார். "நான் கேட்டேன். தோண்டிக் கட்டிக் குடுத்தது அவுங்க ஆளுங்க."

மரைக்காயர் மருமகனின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். அந்த முகத்தில் கோபத்தைவிட வேறு ஒன்று இருந்தது. இவன் எவ்வளவு நாளாகக் கான்ட்ராக்டரோடு சேர்ந்திருக்கிறான் என்று அவர் கணக்குப் பார்ப்பதுபோல் இருந்தது.

"பொய்" என்றார் முதலாளி.

மத்தியஸ்தர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

இப்போது அது கேட்ட கேள்வி ஆகிவிட்டது.

"எங்க ஆளுங்கதான் கட்னாங்க. மேஸ்திரி என்கிட்ட சொன்னாரு."

மத்தியஸ்தர் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். "கழிவுநீர் அவுங்க பொறுப்புன்னு எழுதிட்டீங்க. தொட்டி இருக்கற எடத்துல எங்க விடலாம், எங்க விடக்கூடாதுன்னு யாரு சொல்லணும்? அவுங்களுக்கு எப்படித் தெரியும்?" முதலாளி ஒப்பந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறுப்பைத் தள்ளிவிட எழுதின வரி, எச்சரிக்கை எழுத வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. தொட்டியை இடித்து மறுபடி கட்டித்தருவது எங்கள் செலவு என்றும், கழிவுநீரைத் தெருவுக்குக் கொண்டுபோவதும் அதுவரை லாட்ஜுக்குத் தண்ணீர் ஏற்பாடும் உரிமையாளர் செலவு என்றும் தீர்ப்பு ஆனது. மெஸ்ஸிலிருந்து பையன்களை வெளியேற்றித் தொட்டியைச் சேர்ந்து காலி செய்ததை இரு தரப்புக்கும் எதிராக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஆபீஸ் போனபோது என் மேஜை வராந்தாவில் கிடந்தது. அந்தக் கம்பெனியை விட்டு விலகும்வரை அது அங்கேதான் இருந்தது, மழைக்குக் கோணிப்பை போர்த்திக்கொண்டு. முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவுமில்லை, நம்பவுமில்லை. புதுத் தொட்டியைக் கட்ட என்னைத்தான் அனுப்பினார். ஆனால் கூடவே இன்னொருவரையும் அனுப்பினார், என்னைப் பார்த்துக்கொள்ள.

விசாரணை முடிந்த அந்த நாளுக்குத் திரும்பிப் போகிறேன். வெளியே வந்ததும் முதலாளி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கார் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. மரைக்காயரும் டாக்சியில் ஏறினார். ஜாபர் கதவில் கையை வைத்தபோது, "நீ பஸ்ஸுல வா" என்றார். தெருவில் நானும் ஜாபரும் மட்டும் நின்றோம். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குச் சேர்ந்து நடந்தோம். அவருக்குச் சிதம்பரம் பஸ். எனக்கு, என் வீடு இருந்த அண்ணாகிராமம் போக, பண்ருட்டி பஸ்.

கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் குடித்து முடித்தோம். பிறகு நானே கேட்டேன்.

"சொல்லாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்களே பாய். ஏன் சொன்னீங்க?"

"எங்க தப்பிக்கிறது? நீங்க சொல்லிடுவீங்கன்னு தெரியும்."

"எப்படி?"

"உங்க மொதலாளி பேசிக்கிட்டு இருந்தப்ப நீங்க தலையக் குனிஞ்சிட்டீங்க. அப்பவே புரிஞ்சிபோச்சு. இந்த ஆளு சொல்லி மாமா தெரிஞ்சிக்கிறதுக்கு முந்தி நாமளே சொல்லிடணும்னு முடிவு பண்ணேன்." காலி கிளாசைப் பெஞ்சில் வைத்தார். "உங்கள நான் எப்பவுமே நம்பினது இல்ல சார். ஆனா அந்த ஒரு விஷயத்துல நம்பினேன்."

நான் தலையைக் குனிந்தது ஜாபரின் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான். சொல்வதா வேண்டாமா என்று அந்த நிமிஷம் வரை நான் எந்த முடிவுக்கும் வந்திருக்கவில்லை. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். கண்டக்டர் "சிதம்பரம், சிதம்பரம்" என்று கத்தினார். ஜாபர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.